முதுகிலும் மார்பிலும் வரும் பரு: கண்டறிவது முதல் கறை மறைவது வரை

கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்த நண்பகலில், மதுரை சிம்மக்கல் பக்கம் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடைக்கு இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் வந்தார். “அண்ணே, முதுகு பூராம் பருவா வந்துருச்சு, ஒரு நல்ல ஆயின்மென்ட் குடுங்கண்ணே” என்றவர், நான் வாய் திறப்பதற்குள் சட்டையைத் தூக்கித் திரும்பி நின்றார். தோள்பட்டைகளுக்கு நடுவே கடுகைத் தூவியதுபோல் சின்னஞ்சிறு புடைப்புகள். ஒன்றுக்கொன்று அளவில் வேறுபாடே இல்லை. ஓரங்களில் நகம் கீறிய கோடுகள். “அரிக்குதா தம்பி?” “வேர்த்துட்டா தாங்க முடியலண்ணே.” இரண்டு மாதமாக முகப்பரு ஜெல்லைத் தடவி வந்திருக்கிறார். நண்பர் சொன்னதைக் கேட்டு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் பத்து நாள் விழுங்கியிருக்கிறார். அது கூடியதே ஒழியக் குறையவில்லை, ஏனெனில் அது பருவே அன்று.

முகத்தில் ஒரு பரு வந்தால் அன்று மாலைக்குள் பத்து முறை கண்ணாடி பார்த்துவிடுகிறோம். முதுகு நம் கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத இடம். உடல் பருவில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு குறைகளிலிருந்தே பிறக்கின்றன என்பது கல்லாப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கண்டது. ஆகவே எந்த மருந்து நல்லது என்ற கேள்விக்கு இக்கட்டுரையில் சற்றுத் தாமதமாகவே வருகிறேன்.

பரு எவ்வாறு உண்டாகிறது

ஒவ்வொரு மயிர்க்காலை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. முகம், மார்பின் நடுப்பகுதி, மேல்முதுகு, தோள் ஆகிய இடங்களில் இச்சுரப்பிகள் பெரியவை, எண்ணிக்கையிலும் மிகுந்தவை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் இவற்றைத் தூண்டும்போது எண்ணெய் மிகுதியாகச் சுரக்கிறது. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைப்பு திறந்திருந்தால் கரும்புள்ளி, மூடியிருந்தால் வெண்புள்ளி. உள்ளே தேங்கிய எண்ணெயில் குட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. அதற்கு எதிராக உடல் கிளம்பும்போது சிவந்த பருவும், சீழ்ப் பருவும், ஆழமான கட்டியும் தோன்றுகின்றன.

கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு அன்று. காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும் மெலனின் நிறமியும்தான். எனவே தேய்த்துக் குளித்தால் போகும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. “உடம்புச் சூடு” என்று நம் வீடுகளில் சொல்லப்படும் காரணத்தை நான் முற்றிலும் தள்ளிவிட மாட்டேன், ஏனெனில் வெக்கையும் வேர்வையும் உராய்வும் பருவைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் பருவைத் தொடங்கி வைப்பது சூடு அன்று. மோரும் வெந்தயமும் குடித்துச் சுரப்பியை அடக்கிவிட முடியாது.

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவிலான அடைப்பு உண்டாகி, அது வெளியே பருவாகத் தெரிவதற்குப் பல வாரங்கள் ஆகின்றன. இன்று முதுகில் காணும் பரு போன மாதமே விதைக்கப்பட்டுவிட்டது. எந்த மருந்தையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பயன்படுத்தாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

முதல் படி: அது பருதானா என்று பார்ப்பது

பகல் வெளிச்சத்தில், சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, வீட்டிலுள்ள ஒருவரைக் கைபேசியில் இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள்: முழு முதுகு தெரியும்படி ஒன்று, ஒரு சாண் தூரத்திலிருந்து மற்றொன்று. ஃபிளாஷ் வேண்டாம்; அது புடைப்பின் நிழலை அழித்துவிடும். தேதியுடன் அப்படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

உண்மையான பருவின் அடையாளம் கலவை. கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த புடைப்பு, சீழ் வைத்தது, ஆறிக் கறையானது என வெவ்வேறு பருவங்களில் உள்ளவை ஒரே முதுகில் இருக்கும். பெரும்பாலும் முகத்திலும் இருக்கும். தொட்டால் வலிக்கலாம், அரிப்பு பெரிதாக இராது.

கடுகு தூவியதுபோல் ஒரே அளவில், கரும்புள்ளியே இல்லாமல், வேர்க்கும்போது அரித்தால், அது மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை மயிர்க்கால்களில் பெருகுவதால் வரும் அழற்சியாக இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த இளைஞருக்கு இருந்தது இதுதான் என்று பின்னர் தோல் மருத்துவரும் உறுதிப்படுத்தினார். நம் எல்லோர் தோலிலும் இயல்பாக வாழும் இந்தப் பூஞ்சைக்கு வெப்பமும் வேர்வையும் எண்ணெயும் மிகவும் பிடிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை தோலிலுள்ள பாக்டீரியாக்களை ஒழித்து அதற்கு இன்னும் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. பொடுகுக்கு நாம் வாங்கும் 2 சதவீதக் கீட்டோகோனசோல் ஷாம்பூவை ஈரமான முதுகில் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுவது எளிய தொடக்கம். வாரத்தில் மூன்று நாள் வீதம் மூன்று, நான்கு வாரம் செய்யலாம். அடங்காவிட்டால் மருத்துவர் பூஞ்சைக்கான மாத்திரை எழுதுவார். இது மீண்டும் மீண்டும் வரும் குணமுடையது. அடுத்த கோடையில் திரும்பி வந்தால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம்.

வேர்க்குருவை நம் ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேர்வைக் குழாய் அடைபட்டு முள் குத்துவதுபோல் சுருக்கென்று குத்தும். துணி இறுகும் இடங்களில் திடீரென்று ஒரே நாளில் பரவும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் கிடைத்தால் சில நாளில் தானே அடங்கும். சூட்டுக் கட்டி என்று சொல்லப்படும் பெரிய, தனித்த, கடும் வலியுள்ள கட்டி பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமித் தொற்று. அது காய்ச்சலோடு வந்தாலோ, அடிக்கடி வந்தாலோ சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ் மடிப்பு ஆகிய இடங்களில் கட்டி வந்து, உடைந்து, சுரங்கம்போல் உள்ளே ஓடி, மறுபடியும் அதே இடத்தில் கிளம்புமானால், அது ஹைட்ராடினைடிஸ் சப்புரேட்டிவா என்ற வேறு நோய். அதற்குக் கடை வைத்தியமே கூடாது. மேற்கையின் வெளிப்புறத்தில் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருப்பது பரு அன்று. அது கெரட்டோசிஸ் பிலாரிஸ் எனும் தீங்கற்ற தோல் தன்மை.

இரண்டாம் படி: உண்டாக்குவதை நிறுத்துவது

மூன்று, நான்கு மருந்துகளை ஒரே டியூபில் அடைத்த களிம்புகள் நம் வீடுகளில் படர்தாமரைக்கும், அரிப்புக்கும், தேமலுக்கும், பருவுக்கும் என்று பொதுச் சொத்தாகப் புழங்குகின்றன. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, அவற்றோடு ஒரு வலுவான ஸ்டீராய்டு என்பது அதன் உள்ளடக்கம். தடவிய இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும் என்பதுதான் அதன் ஆபத்து. வாரக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, கோடுகள் விழுந்து, ஸ்டீராய்டாலேயே புதிய பருக்கள் ஒரே மாதிரியாகக் கூட்டமாக முளைக்கின்றன. மத்திய அரசு 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. இத்தொழிலுக்கு வந்த புதிதில், கேட்டவர்களுக்கெல்லாம் நானும் அந்த டியூபை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒரு பெண்ணின் மார்பில் விழுந்த வெளிர் கோடுகள் இன்றும் மறையவில்லை. டியூபின் பின்புறத்தில் குளோபிட்டசோல், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் ஆகிய பெயர்களில் எது இருந்தாலும் அது பருவுக்கானது அன்று.

உள்ளே சாப்பிடும் மருந்துகளும் பருவை வரவழைக்கும். ஸ்டீராய்டு மாத்திரை, காச நோய்க்கான ஐசோநியாசிட், வலிப்புக்கான ஃபெனிடாயின், மனநல மருத்துவத்தில் தரப்படும் லித்தியம், வைட்டமின் பி12 ஊசி ஆகியவை அப்பட்டியலில் உள்ளவை. இவற்றில் எதையும் பருவுக்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் சொன்னால் போதும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்களிடம் நான் வழக்கமாக இரண்டு கேள்வி கேட்பேன். வே புரோட்டீன் பவுடர் குடிக்கிறீர்களா என்பது முதற் கேள்வி. பாலிலிருந்து எடுக்கப்படும் அந்தப் புரதம் சிலருக்குப் பருவைக் கிளப்புகிறது, நிறுத்திய பின் தணிந்தவர்களும் உண்டு. யாராவது ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்களா என்பது இரண்டாவது. உடலைப் பெருக்க ஏற்றப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் ஆண்ட்ரோஜன் வகையைச் சேர்ந்தவை. சுரப்பிகளை நேரடியாகத் தூண்டி முதுகையும் தோளையும் கட்டிகளால் நிரப்பிவிடும். இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் சிரிப்பாகத்தான் வரும்; அச்சிரிப்பே எனக்குப் போதும்.

உராய்வும் அழுத்தமும் ஒரு தனி வகைப் பருவை உண்டாக்குகின்றன. புத்தகப் பையின் வார் அழுந்தும் தோளிலும், கீழமாசி வீதியில் மூட்டை சுமப்பவர்களின் பிடரிக்குக் கீழே சாக்கு உரசும் இடத்திலும், ஜிம் பெஞ்சில் படும் நடுமுதுகிலும் அதைத் தெளிவாகக் காணலாம்: பரு, பொருள் படும் இடத்தின் வடிவத்திலேயே இருக்கும். மூட்டை சுமப்பவரிடம் தொழிலை விடு என்று சொல்ல முடியாது. தோளுக்கும் சாக்குக்கும் நடுவே நாள்தோறும் துவைத்த பருத்தித் துண்டு ஒன்றை மடித்துப் போடச் சொல்லலாம். மாணவர்கள் கைப்பிடியுள்ள பைக்கு மாறலாம், அல்லது முதுகை ஒட்டாதபடி வாரைச் சரிசெய்யலாம்.

துணியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு, பருத்தி உடுத்துங்கள் என்று பெண்களுக்கு எழுதுவது சற்று வேடிக்கைதான். ஆனால் சேலை பருத்தியாக இருந்தாலும் முதுகில் ஒட்டிக்கிடப்பது பிளவுசின் லைனிங். அது பெரும்பாலும் பாலியெஸ்டர். தைக்கக் கொடுக்கும்போதே பருத்தி லைனிங் வைக்கச் சொல்லிவிட வேண்டும். சித்திரைத் திருவிழாவில் வேடமிட்டு நாள் முழுவதும் பளபளக்கும் துணியில் நனைந்து திரிந்தவர்கள், அடுத்த வாரம் முதுகைச் சொறிந்துகொண்டு கடைக்கு வருவதை ஆண்டுதோறும் காண்கிறேன். விழாவை விட வேண்டியதில்லை. வீடு திரும்பிய கையோடு உடையைக் களைந்து குளித்துவிட்டால் போதும்.

எண்ணெய் பற்றிப் பேசினால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். தேங்காய் எண்ணெய் பரு வரும் இயல்புள்ள தோலில் மயிர்க்கால்களை அடைக்கக்கூடியது. தலையில் வைத்த எண்ணெய், பின்னலின் வழியாகவும் தலையணை உறை வழியாகவும் முதுகுக்கு இறங்குகிறது. பின்னல் தொங்கும் பாதையிலேயே பரு வரிசை கட்டியிருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தலைக்கும் கைகால்களுக்கும் தேய்த்துக்கொண்டு, பரு உள்ள முதுகையும் மார்பையும் மட்டும் விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: குளியலின் ஒழுங்கு

முதலில் தலையை அலச வேண்டும், அதுவும் குனிந்து, முடியை முன்பக்கம் தொங்கவிட்டு. ஷாம்பூவும் சீயக்காயும் கண்டிஷனரும் முழுவதும் போன பின் முடியைச் சுருட்டி உச்சியில் கட்டிக்கொண்டு, அதன் பிறகே முதுகைக் கழுவ வேண்டும். நம்மில் பலர் உடம்புக்குச் சோப்புப் போட்டுவிட்டுக் கடைசியில் தலையை அலசுகிறோம். கண்டிஷனரின் பிசுக்கு முதுகில் படிந்தபடியே துவட்டிக்கொள்கிறோம். இந்த வரிசையை மாற்றுவதற்கு ஒரு காசும் செலவில்லை.

மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் குளிக்கக் கிடைக்கிறது. அந்த உப்புத் தண்ணீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து ஒட்டும் படிவமாகத் தோலில் தங்கிவிடும். நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். படிவம் இன்னும் கூடும். சோப்பு வகையைச் சேராத, சின்டெட் எனப்படும் கட்டியோ நீர்மமோ இந்தப் படிவத்தை உண்டாக்காது, தோலின் இயல்பான அமிலத் தன்மையையும் குலைக்காது. அது கட்டுப்படியாகாதவர்கள் வழக்கமான சோப்பையே குறைவாகப் போட்டு, கடைசி ஒரு வாளியை நல்ல தண்ணீராக முதுகில் ஊற்றிக்கொள்ளலாம்.

பீர்க்கங்காய் நார், கல், நைலான் நார் எதுவும் பருவின்மீது படக் கூடாது. தேய்ப்பதால் உள்ளே வீங்கியிருக்கும் பரு உடைந்து ஆழமாகப் பரவும். நம்முடைய மாநிறத் தோலில் ஒவ்வொரு காயமும் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். ஒரு நாளைக்கு இருமுறை குளியல் போதும். வேர்த்து வழிந்த பிறகு ஒரு முறை கூடுதலாக வெறும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். குளித்த பின் டால்கம் பவுடரைக் கொட்டிக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். வேர்வையில் குழைந்து அது பசையாகிவிடுகிறது.

நான்காம் படி: மருந்து, அதைக் கைக்கு எட்டாத இடத்தில் பூசும் முறை

லேசான, நடுத்தரமான உடல் பருவுக்கு நான் முதலில் எடுத்துக்கொடுப்பது பென்சாயில் பெராக்சைடு. இது பாக்டீரியாவைக் கொல்கிறது. பழகிப்போய்க் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுவதும் இல்லை. அடைப்பையும் ஓரளவு இளக்குகிறது. 2.5 சதவீதமோ 5 சதவீதமோ போதும். பத்துக்கு ஏறினால் பயன் அதே அளவுதான் கூடுகிறது என்று சொல்ல முடியாது. எரிச்சல் நிச்சயம் கூடும்.

முதுகுக்கு இதைப் பூசிவிட்டுப் படுப்பதைவிடப் பூசிக் கழுவும் முறையே சிறந்தது. முதுகு நனைந்திருக்கும்போது, கழுவும் வகையைப் பரு உள்ள பகுதி முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்பி, முதல் வாரம் இரண்டு நிமிடமும் அதன் பின் ஐந்து நிமிடம் வரையும் விட்டு, நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். மருந்து வேலை செய்வதற்கு அந்த நிமிடங்கள்தான் தேவை. சோப்புப்போல் போட்டவுடன் ஊற்றிவிட்டால் காசு சாக்கடைக்குப் போயிற்று. நின்றுகொண்டே பல் துலக்கும் நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள் என்று சொல்வது என் வழக்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள் தொடங்கி, தோல் பழகிய பின் தினமும் செய்யலாம். வறட்சியும் லேசான உரிதலும் இயல்பானவை. வீங்கி அரித்துத் தடித்தால் அது ஒவ்வாமை, உடனே நிறுத்திவிட வேண்டும்.

இம்மருந்து துணியின் சாயத்தைத் தின்றுவிடும். கடைக்கு வந்த ஓர் அம்மா, மகன் துவட்டிய கருநீலத் துண்டை விரித்துக் காட்டினார். முதுகு பட்ட இடமெல்லாம் ஆரஞ்சு நிறத் திட்டுகள், தோள்பட்டையின் வளைவு அப்படியே அச்சடித்ததுபோல். துணிச் சோப்பைத்தான் அவர் சந்தேகப்பட்டிருந்தார். வெள்ளைத் துண்டும், வெள்ளை பனியனும், வெள்ளைப் படுக்கை விரிப்பும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இனிக் கை எட்டாத சிக்கல். வீட்டில் யாரேனும் பூசிவிட்டால் எளிது. விடுதியில் தனியாக இருப்பவர்கள், நீண்ட காம்புள்ள பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, அதன் புறப்பகுதியில் மருந்தை வைத்து, தோளுக்கு மேலாகவும் இடுப்பு வழியாகவும் பரப்பலாம். பஞ்சும் ஸ்பாஞ்சும் மருந்தைக் குடித்துவிடும். வழுவழுப்பான பிளாஸ்டிக் குடிக்காது. அந்தக் கரண்டி திரும்பச் சமையலறைக்குப் போகாதபடி காம்பில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள்.

அளவிலும் பலர் ஏமாறுகிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்குப் போதும். மேல்முதுகு முழுவதற்கும் அதைப்போல் மூன்று பங்கு, அதாவது ஒன்றரை கிராம் வேண்டும். 15 கிராம் டியூப் பத்து நாளில் தீர்ந்துவிட வேண்டும். ஒரே டியூபை மூன்று மாதம் வைத்திருந்து “கேக்கலண்ணே” என்று வருபவரிடம், மருந்து முதுகுக்குப் போய்ச் சேரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதும் வீண். இனி வரப்போகும் பருவைத் தடுக்கவே முழுப் பரப்பிலும் பூசுகிறோம்.

கரும்புள்ளியும் வெண்புள்ளியும் மிகுந்திருந்தால் அடைப்பை நீக்கும் ரெட்டினாய்டு தேவைப்படும். 0.1 சதவீத அடாபலீன் ஜெல்லை மருத்துவர் எழுதித் தந்தபின், இரவில், காய்ந்த தோலில், வாரம் மூன்று நாளாகத் தொடங்க வேண்டும். முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோல் தோன்றலாம். கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பருவுக்கான பெரும்பாலான களிம்புகள் முகத்தில்தான் சோதிக்கப்பட்டவை. உடலிலும் சோதிக்கப்பட்டு 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரைஃபாரோட்டீன் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 2 சதவீதச் சாலிசிலிக் அமிலக் கழுவல் லேசான பருவுக்கு உதவும். பென்சாயில் பெராக்சைடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது மாற்று. கிளின்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஜெல்லைத் தனியாகப் பூசினால் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் எலுமிச்சைச் சாறும், பற்பசையும், பூண்டும் தோலைப் புண்ணாக்குபவை. வேப்பிலை அரைத்துப் பூசுவதால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி மாதங்களைக் கழிக்கக் கூடாது.

ஐந்தாம் படி: தோல் மருத்துவரிடம் எப்போது போவது

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் படத்தில் மாற்றம் தெரியாவிட்டால் போக வேண்டும். ஆழமான, வலிக்கும் கட்டிகள் இருந்தாலோ, தழும்பு விழத் தொடங்கியிருந்தாலோ பன்னிரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. திடீரெனக் கட்டிகள் புண்ணாகி, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடலாம். பழைய சீட்டுகளையும், தடவிய டியூபுகளையும், கைபேசிப் படங்களையும் கையோடு கொண்டு போங்கள்.

மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை எழுதினால், அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். பாலோடும், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளோடும் சேர்க்கக் கூடாது. வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள். பழைய சீட்டைக் காட்டி நீட்டித்துக்கொள்ள வேண்டாம்.

கடுமையான பருவுக்கு வலிமையான மருந்து ஐசோட்ரெட்டினாயின். சுரப்பியையே சுருக்குவதால் பலருக்கு நிலையான குணம் தருகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் வரை உள்ளே போக வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 30 மில்லிகிராம் வீதம் சாப்பிட்டால் எட்டு மாதம் முதல் பத்து மாதம் வரை ஆகும். இரண்டு மாதத்தில் முதுகு தெளிந்துவிட்டதென்று நிறுத்துபவர்களுக்குத்தான் பெரும்பாலும் திரும்ப வருகிறது. உதடு வெடிப்பது ஏறத்தாழ எல்லோருக்கும் உண்டு. கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகள் செய்ய வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைக்கு இம்மருந்து கடும் ஊனத்தை உண்டாக்கும். ஆகவே சிகிச்சை முழுவதும், முடிந்து ஒரு மாதம் வரையிலும் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது, யாரும் இரத்த தானமும் செய்யக் கூடாது. டாக்சிசைக்ளினோடு இதைச் சேர்த்து விழுங்குவது மூளையைச் சுற்றியுள்ள அழுத்தத்தை உயர்த்தக்கூடும். ஒரு மருத்துவர் கொடுத்ததை இன்னொருவரிடம் மறைக்காதீர்கள்.

மாதவிடாய் தள்ளிப் போவது, தாடையில் முடி வளர்வது, எடை கூடுவது ஆகியவற்றோடு பரு வரும் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். ஹார்மோன் வழியான சிகிச்சை அவர்களுக்குக் களிம்பைவிடப் பயன் தரும். அதை மகப்பேறு மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

உணவு

பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் பருவைக் கொண்டுவருமா என்று கேட்காதவர் இல்லை. சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவும், பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டுகின்றன, எல்லோருக்கும் அல்ல. ஜிகர்தண்டாவில் சுண்டிய பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் ஒருங்கே இருப்பதால் தினமும் மாலையில் குடிப்பவர் ஆறு வாரம் விட்டுப் பார்க்கலாம். மாதம் ஒரு முறை குடிப்பவர் நிம்மதியாகக் குடிக்கலாம்.

கறையும் தழும்பும்

பரு ஆறிய இடத்தில் தங்கும் கருமை தழும்பு அன்று. கிள்ளாமல் விட்டால் அது மாதங்களில் மங்கும். முதுகில் முகத்தைவிட நாள் ஆகும். அசெலாயிக் அமிலக் களிம்பும், அடாபலீனும் அதை விரைவுபடுத்தும். முதுகுக்குச் சட்டையே வெயில் காப்பு, தனியாகக் களிம்பு வாங்க வேண்டியதில்லை. மார்பிலும் தோளிலும் தடித்து மேலெழும் கீலாய்டு தழும்பு வேறு வகை. அதை அறுத்தெடுத்தால் பெரும்பாலும் முன்னிலும் பெரிதாக வளரும். பெரும்பாலும் தழும்புக்குள் மருத்துவர் போடும் ஊசியால் அதைத் தட்டையாக்குவார்கள்.

தெளிந்த பின்

முதுகு தெளிந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவதுதான் நான் காணும் கடைசித் தவறு. சுரப்பிகள் அங்கேயே இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு கழுவலை வாரம் இரண்டு, மூன்று நாளாகக் குறைத்துத் தொடர வேண்டும். பூஞ்சை வகை வந்தவர்கள் பங்குனி பிறந்ததும் கீட்டோகோனசோல் ஷாம்பூவை வாரம் ஒரு முறை முதுகில் பூசத் தொடங்கிவிட்டால், மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது அது பெரும்பாலும் தலைதூக்காது. முதல் நாள் எடுத்த அதே சன்னலருகில், அதே தூரத்தில், மாதத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இளைஞர் போன பங்குனியில் ஷாம்பூ வாங்க வந்தபோது, நான் கேட்காமலேயே கைபேசியை நீட்டிக் காட்டினார்: பதினொரு முதுகுகள், கடைசி மூன்றில் கறை மட்டும்.